ஆம்பளப் புள்ளைக்கு அபூர்வமான பேர் வைக்கணுமா? தேடுறதுல இருந்து பர்த் சர்டிஃபிகேட் வரைக்கும் முழு வழிகாட்டி

எங்க சொந்தத்துல யாருக்கு ஆம்பளப் புள்ள பொறந்தாலும் ஒரு வாரத்துக்குள்ள எனக்கு ஃபோன் வந்துரும். "அக்கா, யாருமே வைக்காத பேரா ஒண்ணு சொல்லுங்க, தமிழ்ப் பேரா இருக்கணும், ஸ்டைலா இருக்கணும், சின்னதா இருக்கணும், அப்புறம் தி-ல ஆரம்பிக்கணும்"னு அந்தப் பக்கம் லிஸ்ட் ஓடும். பொண்ணுன்னா இவ்ளோ கஷ்டம் இல்ல, பூவு, ஆறு, ராகம், யாழுன்னு எத எடுத்தாலும் பேராயிடும். பையனுக்குத்தான் மாட்டிக்கிறாங்க. ஒண்ணு அத்விக், ருத்விக், தன்விக்னு ஒரே அச்சுல வார்த்த பேர், இல்லன்னா ஆதவன், இனியன், முகிலன், கவின். ரெண்டாவது வகை நல்ல பேருங்கதான், ஆனா இன்னிக்கு எந்த எல்கேஜி கிளாஸுக்குள்ள போய் "முகிலா"ன்னு கூப்பிட்டாலும் ரெண்டு தல திரும்பும்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, "யூனிக் தமிழ் பேர்"னு ஃபோன்ல தேடுற எல்லாருக்கும் ஒரே லிஸ்ட்தான் வருது, அந்த லிஸ்ட்ல இருந்து எல்லாரும் ஒரே பேர எடுக்குறாங்க. அதனால நான் சொல்ற வழி வேற. அபூர்வமான பேர புதுசா உருவாக்க வேண்டியதே இல்ல, உங்க வீட்டு பீரோவுலயும் உங்க ஊர் கோயில்லயும் யாரும் எடுக்காம கெடக்குறத எடுத்து, அது இந்தக் காலத்துப் பையனுக்குத் தாங்குமான்னு சோதிச்சுப் பாத்து வைக்கணும், அவ்ளோதான். தேடுறத விட இந்த சோதன பண்றதுதான் பெரிய வேல, அதனால அதுக்குத்தான் நெறைய எடம் ஒதுக்கியிருக்கேன்.

முதல் வேல: அவசரப்படாதீங்க, டைம் இருக்கு

ஆஸ்பத்திரில டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஒரு ஃபார்ம நீட்டி "பேர் என்னங்க"ன்னு கேட்டதும் பதறிப்போய் வாய்க்கு வந்தத எழுதிக் குடுத்தவங்க நெறைய பேர் இருக்காங்க. அப்படி எழுதணும்னு சட்டம் ஒண்ணும் கெடையாது. பிறப்ப 21 நாளுக்குள்ள பதிவு பண்ணனும், அது கட்டாயம், அதுக்குக் காசும் கெடையாது. ஆனா பேர் எழுத வேண்டிய எடத்த காலியா விட்டே பதிவு பண்ணலாம். அப்புறம் 12 மாசத்துக்குள்ள எப்ப வேணா போய் கட்டணம் இல்லாம பேர சேத்துக்கலாம். ஒரு வருஷம் தாண்டிட்டா லேட் ஃபீஸ் கட்டி 15 வயசு வரைக்கும் சேக்கலாம்.

ஆனா ஒரு வருஷத்துக்கு மேல இழுக்காதீங்க. 2023 அக்டோபர் 1-க்கு அப்புறம் பொறந்த புள்ளைங்களுக்கு ஸ்கூல் அட்மிஷன்ல இருந்து டிரைவிங் லைசன்ஸ், ஓட்டர் லிஸ்ட் வரைக்கும் பொறந்த தேதிக்கும் ஊருக்கும் பர்த் சர்டிஃபிகேட்தான் ஆதாரம்னு சட்டமே மாறிடுச்சு. அதுல என்ன பேர் எந்த எழுத்துல இருக்கோ அதேதான் ஆதார்லயும் பாஸ்போர்ட்லயும் போய் உக்காரும். அதனால ஆஸ்பத்திரில கேட்டா "பேர் இன்னும் முடிவாகல, காலியா விடுங்க"ன்னு தைரியமா சொல்லுங்க.

ரெண்டாவது: வீட்ல யார் யாருக்கு என்ன கண்டிஷன்னு மொதல்ல கேட்டு எழுதுங்க

பேர முடிவு பண்ணி, ஸ்டேட்டஸ்ல போட்டு, அப்புறம் மாமியார் "எங்க குலசாமி பேர் எங்க"ன்னு கேட்டா அந்த வீட்டுல ஒரு மாசம் சாப்பாடு இறங்காது. அதனால தேடுறதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கத்துப் பெரியவங்க கிட்டயும் கேட்டுருங்க. பொதுவா மூணு கண்டிஷன்தான் வரும்: நட்சத்திர எழுத்து, நியூமராலஜி, தாத்தா பேர்.

நட்சத்திர எழுத்துல ஒரு சூட்சுமம் இருக்கு. கார்த்திகைக்கு அ, இ, உ, எ. மகத்துக்கு ம, மி, மு, மே. அனுஷத்துக்கு ந, நி, நு, நே. விசாகத்துக்கு தி, து, தே, தோ. இதெல்லாம் தமிழ்ல நல்லாவே வரும். ஆனா ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. தமிழ்ச் சொல் ட-ல ஆரம்பிக்காதுன்னு தொல்காப்பியத்துலயே இருக்கு. ட மட்டும் இல்ல, ர, ல கூட மொதல்ல வராது. அப்போ ஆயில்யத்துல பொறந்த புள்ளைக்குத் தமிழ்ப் பேர் வைக்கணும்னா எங்க போறது? அந்த எழுத்து வரிசையே வடமொழி ஒலிக்கு ஏத்த மாதிரி போட்டது, அத வச்சிக்கிட்டு தமிழ்ல தேடுனா கெடைக்காமத்தான் போகும். இந்த மாதிரி நட்சத்திரத்துல மாட்டுனவங்கதான் கடைசில டுவிஷ், டிவித்னு எதையாவது வச்சிட்டு வர்றாங்க.

இதுக்கு நம்ம பெரியவங்களே வழி வச்சிருக்காங்க. பேர் வைக்கிற அன்னிக்கு தொட்டில்ல போட்டு காதுல மூணு தடவ சொல்றாங்கல்ல, அந்தப் பேர் நட்சத்திரப் பேரா இருக்கட்டும், கோயில்ல அர்ச்சனைக்கும் அதையே சொல்லிக்கலாம். சர்டிஃபிகேட்ல ஏர்ற பேர் நீங்க தேடுன பேரா இருக்கட்டும். குடும்ப ஜோசியர் கிட்ட இத நீங்க சொல்றத விட உங்க மாமனார் சொன்னா வேல சீக்கிரம் முடியும்.

தாத்தா பேர் கண்டிஷன் வந்தா மூஞ்ச சுளிக்காதீங்க, அது அதிர்ஷ்டம். ஏன்னு அடுத்த பகுதில சொல்றேன். நியூமராலஜிய ஸ்பெல்லிங் பகுதில வச்சிக்கிறேன், அது தனி ரோதன.

மூணாவது: எங்க தேடுறது

மொத எடம், உங்க வீட்டுப் பழைய பத்திரம். நெலம், வீடு எதுக்காவது ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னாடி எழுதுன கிரயப் பத்திரம் இருந்தா எடுத்துப் பாருங்க, "இன்னார் குமாரர் இன்னார்"னு உங்க பாட்டன், பூட்டன், பக்கத்து நெலத்துக்காரர், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்னு வரிசையா பேரா இருக்கும். பத்திரம் இல்லன்னா உங்க ஊர் வாக்காளர் பட்டியல். தேர்தல் அதிகாரி வெப்சைட்ல தமிழ்லயே கெடைக்குது, வயசும் போட்டிருக்கும். எழுபது தாண்டுனவங்க பேர மட்டும் பாத்துக்கிட்டே வாங்க, உங்க ஊருக்குன்னே இருக்குற பேருங்க வரும். திருநெல்வேலிப் பக்கம் இசக்கி, சுடலை, மாசானம், ஆவுடையப்பன், சொரிமுத்து. உசிலம்பட்டிப் பக்கம் விருமாண்டி, ஒச்சு. கொங்குல காளியண்ணன், நாச்சிமுத்து. தஞ்சாவூர் பக்கம் தியாகேசன், கலியமூர்த்தி. வடக்க ஏழுமலை, கன்னியப்பன், பச்சையப்பன்.

"இதையெல்லாம் அப்படியே வைக்கச் சொல்றியா"ன்னு கேக்காதீங்க. சிலத அப்படியே வைக்கலாம், இசக்கின்னு ஒரு பையன் இன்னிக்கு சென்னைல இருந்தா அவன் பேர ஒருத்தரும் மறக்க மாட்டாங்க. சிலத செதுக்கணும். சொக்கலிங்கம் தாத்தான்னா பேரன் சொக்கன். நெல்லையப்பன்னா நெல்லையன். மருதமுத்துன்னா மருதன். அம்பலவாணன்னா வாணன். தாத்தா பேரும் ஆச்சு, கிளாஸ்ல வேற யாருக்கும் இருக்காது, அப்பத்தாவும் சந்தோஷமா கூப்பிடும். தாத்தா பேர் கண்டிஷன் அதிர்ஷ்டம்னு சொன்னது இதுக்குத்தான்.

ஒரு எச்சரிக்க, பழைய பேர்ல குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி எல்லாம் வரும். வரிசையா புள்ளைங்க தங்காமப் போன வீட்டுல, இதையாவது எமன் திரும்பிப் பாக்காம போகட்டும்னு வச்ச பேருங்க அது. அந்தத் தாத்தாவ மனசுல நெனச்சுக்கோங்க, பேர விட்டுருங்க.

ரெண்டாவது எடம், கோயில். சிவன், விஷ்ணுன்னு பொதுவா தேடாம, அந்தந்த ஊர்ல சாமிக்கு என்ன பேருன்னு பாருங்க. திருச்சி மலைக்கோட்டைல தாயுமானவர், திருவையாத்துல ஐயாறப்பர், சீர்காழில தோணியப்பர், கும்பகோணத்துல ஆராவமுதன், திருக்குறுங்குடில நம்பி, மதுரைக்குப் பக்கத்துல அழகர். நம்பின்னு மூணே எழுத்துல எழுதுற மாதிரி ஒரு பேர், கம்பீரமாவும் இருக்கு, ஏன் இத யாரும் வைக்க மாட்டேங்குறாங்கன்னு எனக்கு இன்னும் புரியல.

கிறிஸ்தவ வீடுகள்லயும் இதே கததான், எல்லாரும் ஜேடன், ஏய்டன்னு போயிட்டாங்க. ஆனா பழைய கத்தோலிக்கக் குடும்பங்கள்ல பேதுருக்கு ராயப்பன், பவுலுக்கு சின்னப்பன், யோவானுக்கு அருளப்பன்னு அழகா தமிழாக்கி வச்சிருந்தாங்க. அருளப்பன்ல இருந்து அருளன்னு எடுத்தா யாருக்குக் கசக்கும்? முஸ்லிம் வீடுகள்ல கீழக்கர, காயல்பட்டணம், நாகூர் பக்கத்துப் பழைய பேருங்களப் பாருங்க. மீரான், உமறு எல்லாம் மூணு எழுத்துதான், எந்த ஊர்லயும் வாய்ல நுழையும்.

மூணாவது எடம், கல்வெட்டும் பானை ஓடும். கீழடில கெடச்ச ஓடுகள்ல ஆதன், குவிரன்னு தமிழிங்கற பழைய தமிழ் எழுத்துல பேர் கீறியிருக்கு. கரூர் பக்கம் புகளூர் மலைல "கோ ஆதன் செல்லிரும்பொறை"ன்னு சேரர் பேர் இருக்கு. திருக்கோவிலூர் பக்கம் ஜம்பைல 1981-ல கண்டுபிடிச்ச கல்வெட்டுல அதியன் நெடுமான் அஞ்சி பேர் இருக்கு, அவ்வைக்கு நெல்லிக்கனி குடுத்தார்னு பாட்டுல படிச்ச வள்ளலோட பேர கல்லுலயே பாக்கலாம். கடைசியா சங்கப் பாட்டு. கொற்றன், சாத்தன், கீரன், எயினன், வழுதி, செழியன், பொறையன், எழினின்னு அள்ள அள்ள வரும். தமிழ் இணையக் கல்விக்கழகம், மதுரைத் திட்டம் ரெண்டுலயும் முழுப் பாட்டும் இலவசமா இருக்கு.

நாலாவது: அர்த்தமும் பாருங்க, கதையும் பாருங்க

பேர் வெப்சைட்ல போட்டிருக்குற அர்த்தத்த நம்பவே நம்பாதீங்க. பாதிப் பேருக்கு "சிவபெருமான்"னும் மீதிக்கு "வெற்றியாளன்"னும் போட்டிருப்பாங்க, எங்க இருந்து எடுத்தாங்கன்னு கேட்டா பதில் இருக்காது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ஆன்லைன்லயே தேடலாம். அதுல இல்லன்னா அது தமிழ்ச் சொல்லான்னு கொஞ்சம் சந்தேகப்படுங்க. இருந்தாலும் ஒரு அர்த்தத்தோட நிறுத்தாம கீழ வரைக்கும் படிங்க. ஆதன்னு கீழடி ஓட்டுல பாத்து ஆசப்பட்டு வைக்கிறவங்க இப்ப ஏறிட்டாங்க, ஆனா அகராதில அறிவில்லாதவன், குருடன்னும் அதுக்கு ஒரு பொருள் இருக்கு. அதுக்காக வைக்கக் கூடாதுன்னு சொல்லல, சேர ராஜாவே வச்சிருந்த பேர்தான், நாளைக்கு ஒரு தமிழ் வாத்தியார் கிளாஸ்ல சொல்லி பையன் அழுதுட்டு வர்றதுக்கு முன்னாடி நீங்க தெரிஞ்சு வச்சிக்கோங்கன்னுதான் சொல்றேன்.

அர்த்தம் நல்லா இருந்தாலும் கத கெட்டதா இருக்கலாம். நன்னன்னு கேட்டா எவ்ளோ நல்லா இருக்கு? ஆனா குறுந்தொகைல 292-வது பாட்டப் பாருங்க. ஆத்துல மெதந்து வந்த மாங்காய எடுத்துத் தின்ன ஒரு பொண்ணுக்கு, அது தன்னோட காவல் மரத்துக் காய்னு மரண தண்டன குடுத்தவன் நன்னன். எண்பத்தோரு யானையும் அந்தப் பொண்ணு எடைக்குத் தங்கத்துல பாவையும் தர்றோம்னு சொல்லியும் விடல. "பெண்கொலை புரிந்த நன்னன்"னு பரணர் எழுதி வச்சிட்டார், ரெண்டாயிரம் வருஷமா அது அழியல. அதே பேர்ல நல்லவங்களும் இருந்திருக்காங்க, மலைபடுகடாம் பாட்டுடைத் தலைவனும் நன்னன்தான், தமிழ் சொல்லிக் குடுத்த புலவர் நன்னனும் இருந்தார். வைங்க, ஆனா தெரிஞ்சு வைங்க.

இதுக்கு நேர் எதிரா குமணன். தம்பி நாட்டப் புடுங்கிக்கிட்டு அண்ணன் தலைக்கு வெல வச்சான். காட்டுல ஒளிஞ்சிருந்த குமணன் கிட்ட ஒரு புலவர் வந்து பொருள் கேக்குறார். குடுக்க ஒண்ணும் இல்ல, "என் தலைய வெட்டிக் கொண்டு போய்க் குடு, உனக்குப் பரிசு கெடைக்கும்"னு வாள எடுத்து அவர் கைல குடுக்குறான். புறநானூறு 165. இப்படி ஒரு கத வேற எந்தப் பேருக்கு இருக்கு? ஆனாலும் குமணன்னு நான் ஒரு பையனையும் பாத்ததில்ல.

அஞ்சாவது: பெஞ்சு டெஸ்ட்

இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். பேர உங்க கிட்ட இருந்து எடுத்து ரெண்டாங்கிளாஸ் கடைசி பெஞ்சுல போடுங்க. அங்க உக்காந்திருக்குறவனுக்கு சங்க இலக்கியம் தெரியாது, கிண்டல் பண்ண மட்டும் நல்லா தெரியும். ஒரு உதாரணத்துக்கு கடையெழு வள்ளல்கள் ஏழு பேரையும் வரிசையா அந்த பெஞ்சுக்கு அனுப்பிப் பாப்போம். சிறுபாணாற்றுப்படை சொல்ற ஏழு: பேகன், பாரி, காரி, ஆய், அதியன், நள்ளி, ஓரி.

ஆய். எவ்ளோ பெரிய வள்ளல், பொதிகை மலைக்கு ராஜா. ஆனா எல்கேஜில "மிஸ், ஆய் வந்துருச்சு"ன்னு எவனாவது சொன்னா கத முடிஞ்சது. மொத ரவுண்ட்லயே அவுட்.

நள்ளி. நல்லி எலும்புன்னு கூப்பிடுவானுங்க, பிரியாணி சாப்பிடுற ஊர்ல இதுக்குத் தப்பிக்கவே முடியாது. காரி. ர-வ ற-ன்னு அழுத்தி ஒருத்தன் சொன்னா போதும், துப்புற மாதிரி நடிச்சே காட்டுவான். இத்தனைக்கும் நம்மாழ்வாரோட அப்பா பேரே காரிதான், அந்த மரியாதையெல்லாம் பெஞ்சுல செல்லுபடி ஆகாது.

பேகன். தமிழ்ல பரவால்ல, ஓடிரும். ஆனா வெளிநாட்டுக்குப் போனா அங்க பன்றி எறைச்சிக்கும் கிட்டத்தட்ட இதே சத்தம்தான். கதையும் கொஞ்சம் இடிக்கும். மயிலுக்குப் போர்வ போத்துனவர் சரி, ஆனா பொண்டாட்டி கண்ணகிய விட்டுட்டு வேற ஒருத்தி ஊர்லயே இருந்துட்டார், கபிலர், பரணர்னு நாலு புலவருங்க வரிசையா வந்து "பொருள் வேணாம், மொதல்ல வீட்டுக்குப் போ"ங்கற மாதிரி பாடியிருக்காங்க. மருமக வர்ற காலத்துல ஞாபகம் வரும்.

பாரி பாஸ். முல்லைக்குத் தேர் குடுத்தது, பறம்பு மலை, கபிலரோட நட்புன்னு கதையும் சுத்தம், சொல்லவும் ஈஸி. ஒரே பிரச்சன, பத்து வருஷமா பாரி ஏறிக்கிட்டே வருது, அபூர்வம்னு சொல்ல முடியாது. அதியனும் பாஸ், நீட்டா அதியமான்னு வச்சிட்டு வீட்ல அதியான்னு கூப்பிடலாம். ஓரிதான் என்னோட சாய்ஸ். கொல்லிமலை ராஜா, வில்லு வீரன், இப்பவும் ஆகஸ்ட் மாசம் கொல்லிமலைல வல்வில் ஓரி விழா நடக்குது. அகராதில நரின்னும் ஒரு பொருள் வரும், ஆனா அந்த அர்த்தத்துல இன்னிக்கு யாரும் பேசுறதில்ல, அதனால பெஞ்சுல தப்பிச்சுரும். ரெட்டப் புள்ள பொறந்தவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்த: காரி, ஓரின்னு எதுகையா வைக்கலாம்னு தோணும், வேணாம். காரிதான் ஓரியக் கொன்னவன்.

வள்ளல்கள விட்டுட்டுப் பாத்தாலும் இதே மாதிரிதான். கிள்ளி சோழர் பேர், ஆனா பேர் சொல்லும்போதெல்லாம் பக்கத்துல இருக்குறவன் கிள்ளுவான். வந்தியத்தேவன்னு வச்சா அத முழுசா யாரும் கூப்பிட மாட்டாங்க, வந்தின்னு சுருக்குவாங்க, அது ரெண்டாவது நாளே வாந்தி ஆயிடும். அதனால பேர மட்டும் சோதிக்காதீங்க, அது சுருங்குனா என்ன ஆகும்னும் பாருங்க, நீளப் பேர் கண்டிப்பா சுருங்கும்.

இன்னொரு பக்கம் பெரியவங்க வாய். மகிழன், எழிலன்னு ழ வர்ற பேர் எழுத்துல அழகுதான், ஆனா தெக்க மகிளன் ஆயிடும், வட சென்னைல மகியன் ஆனாலும் ஆகும். அது உங்களுக்கு ஓகேவான்னு மட்டும் முடிவு பண்ணிக்கோங்க. மொட்ட மாடில நின்னு தெருவுல வெளையாடுற பையன சாப்பிடக் கூப்பிடுற மாதிரி கத்திப் பாருங்க. "டேய் ஓரீ", "சொக்கா", "நம்பீ" எல்லாம் தெரு முனை வரைக்கும் போகும். இளஞ்சேட்சென்னின்னு கத்தி முடிக்கறதுக்குள்ள அவன் அடுத்த தெருவுல இருப்பான்.

ஆறாவது: இனிஷியலும் பாஸ்போர்ட்டும்

நம்ம ஊர்ல குடும்பப் பேர் கெடையாது, அப்பா பேரோட மொத எழுத்துதான். இப்ப தமிழ்ப் பேருக்கு இனிஷியலும் தமிழ்லதான் போடணும்னு அரசாணையும் இருக்கு, அதனால தமிழ் எழுத்தப் போட்டுச் சேத்து வாசிச்சுப் பாருங்க. அப்பா பேர் ஏழுமலை, பையனுக்கு ஆச ஆசயா மாறன்னு வச்சா, வருகைப் பதிவேட்டுல ஏ. மாறன். ஏமாறன்னு வாசிக்க எந்தப் பையனுக்கு சொல்லித் தரணும்? அப்பா குமரேசன், புள்ள ரங்கன்னா கு. ரங்கன், இது ரொம்பப் பழைய ஜோக், ஆனா இன்னிக்கும் யாராவது மாட்டத்தான் செய்றாங்க. அம்மா இனிஷியல் போடுற பழக்கமும் இருக்கு, அதையும் சேத்து ரெண்டு விதமா எழுதிப் பாத்துருங்க.

பாஸ்போர்ட்ல இனிஷியல் செல்லாது, விரிச்சுத்தான் எழுதணும். பேர் ஒரு கட்டம், சர்நேம் ஒரு கட்டம். சர்நேம் கட்டத்துல அப்பா பேர் போய் உக்காரும், வெளிநாட்டுல உங்க பையன அப்பா பேராலதான் கூப்பிடுவாங்க. அந்தக் கட்டத்த காலியா விட்டா வேற தலவலி, அமெரிக்க விசால பேர் எடத்துல "பேர் தெரியாது"ங்கற அர்த்தத்துல மூணு எழுத்து அடிச்சுக் குடுப்பாங்க. 2022 நவம்பர்ல ஐக்கிய அமீரகமும் ஒத்தப் பேர் மட்டும் இருக்குற பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லன்னு சொல்லி பல பேர் ஏர்போர்ட்ல முழிச்சாங்க. அதனால இப்பவே அப்பா பேரச் சேத்து முழுசா சொல்லிப் பாருங்க: ஓரி முருகேசன், நம்பி ஆரோக்கியராஜ், சொக்கன் பழனிவேல். அப்பா பேர் நீளம்னா பையன் பேர் குட்டியா இருக்குறது நல்லது, ஃபார்ம்ல கட்டம் பத்தாமப் போகாது.

ஏழாவது: இங்கிலீஷ் ஸ்பெல்லிங்

நியூமராலஜி இங்கதான் வந்து நிக்கும். ஓரின்னு மூணே எழுத்துல முடியுறத, கூட்டுத்தொக வரலன்னு முன்னாடி ஒரு ஓ, பின்னாடி ரெண்டு ஐ, நடுவுல ஒரு எச்னு சொருகி வைப்பாங்க. அதுக்கப்புறம் அந்தப் பையன் வாழ்க்க பூரா ஒவ்வொரு கவுண்டர்லயும் ஸ்பெல்லிங் சொல்லிக்கிட்டே நிக்கணும், ஒரு எடத்துல ஒரு எழுத்து விட்டுப் போனாலும் ஆதார் ஒண்ணு, பேங்க் ஒண்ணுன்னு ஆயிடும். நம்பிக்க இருக்குறவங்கள நான் மாத்த வரல. ஆனா அபூர்வமான பேர்னாலே ஸ்பெல்லிங் நேரா இருக்கணும், ரெண்டும் கோணலா இருந்தா யாருக்கும் வாசிக்க வராது.

ழ-வுக்கு இசட் எச் போடுறது நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும், பெங்களூர் தாண்டுனா எழிலன எஜிலன்னுதான் கூப்பிடுவாங்க. பாரிய ஒரே ஏ போட்டு எழுதுனா வடக்க பரின்னு வாசிப்பாங்க, அங்க அது பொண்ணு பேரு, டபுள் ஏ போட்டுருங்க. சும்மா யோசிச்சிட்டு இருக்காம, வேற ஸ்டேட்ல வேல பாத்த ஃபிரெண்டு யாருக்காவது ஸ்பெல்லிங்க மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பி வாய்ஸ் நோட்ல வாசிச்சு அனுப்பச் சொல்லுங்க. தெரிஞ்சுரும்.

எட்டாவது: நெஜமாவே அபூர்வமான்னு பாக்குறது

இதுக்கு இன்டர்நெட் வேணாம். புதன்கிழமை உங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல தடுப்பூசி நாள். ஒன்றர மாச ஊசிக்கு எப்படியும் போவீங்க, சீக்கிரமே போய் உக்காந்துக்கோங்க. நர்ஸ் அக்கா நோட்டப் பாத்து பேரக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. ஆதிரன், ஆதிரா, கவின், யாழினி, கவின், விஹான், அயான், இன்னொரு கவின். ஒரு காலை முழுக்க உக்காந்தா உங்க ஏரியால இந்த வருஷம் என்ன பேர் ஓடுதுன்னு அத்துப்படி ஆயிடும், இந்தப் புள்ளைங்கதான் நாலு வருஷம் கழிச்சு உங்க பையன் கூட எல்கேஜில உக்காரப் போறவங்க. உங்க லிஸ்ட்ல இருக்குறது அங்க காதுல விழலன்னா நிம்மதியா வாங்க. பெருசா ஓடுன சினிமால வந்த பேர்னா மட்டும் இன்னும் ஒரு வருஷம் காத்திருந்து பாக்குற பொறுமை இருந்தா பாருங்க, இல்லன்னா விட்டுருங்க.

ஒம்பதாவது: சொந்தக்காரங்க

முடிவு பண்றதுக்கு முன்னாடி கண்டிஷன் கேளுங்க, முடிவு பண்ணதுக்கு அப்புறம் கருத்து கேக்காதீங்க. "ஓரின்னு வைக்கலாமான்னு யோசிக்கிறோம் சித்தப்பா"ன்னு சொன்னா சித்தப்பா பத்து காரணம் சொல்லுவார். "ஓரின்னு வச்சிருக்கோம் சித்தப்பா"ன்னு சொன்னா "அப்படியா, என்ன அர்த்தம்"னு மட்டும்தான் கேப்பார். அந்தக் கேள்விக்கு ஒரே வரில பதில் ரெடியா வச்சிக்கோங்க, "கொல்லிமலைய ஆண்ட ராஜா, ஏழு வள்ளல்ல ஒருத்தர்", போதும், அத அவரே நாலு பேருக்குச் சொல்லிருவார். என் தம்பி பொண்டாட்டி இதுல கெட்டிக்காரி, மாமியாருக்கு ஃபோன் போட்டு "அத்த, உங்க அப்பா பேர்ல இருந்துதான் எடுத்தோம்"னு ஒரே வார்த்த சொன்னா, அதுக்கப்புறம் ஊர் வாய எல்லாம் மாமியாரே அடைச்சிட்டாங்க.

கடைசி வேல: பதிவு

பொறந்த எடம் எந்த நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எல்லைல இருக்கோ அங்கதான் பேர் சேக்கணும், நீங்க குடியிருக்குற எடத்துல இல்ல. தலப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தா இத ஞாபகம் வச்சிக்கோங்க, திரும்பி வர்றதுக்கு முன்னாடியே முடிச்சிருங்க. ஒரு பேர் ஏறிட்டா அப்புறம் மனசு மாறி வேற பேர்னு மாத்துறது லேசுப்பட்ட காரியம் இல்ல, அரசிதழ்ல வெளியிட்டு அதத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு ஆபீஸா அலையணும். எழுத்துப் பிழைய மட்டும் திருத்தச் சட்டத்துல எடம் இருக்கு, அதுக்கும் ஆதாரம் குடுக்கணும்.

அதனால பேர ஒரு பேப்பர்ல தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் கொட்டை எழுத்துல எழுதி எடுத்துட்டுப் போங்க, வாயால மட்டும் சொல்லாதீங்க. அடிக்கிறவங்க கேட்டதத்தான் அடிப்பாங்க, அபூர்வமான பேர்னா அவங்களுக்குத் தெரிஞ்ச பக்கத்துப் பேரா மாறிடும், ஓரி கூட ஹரி ஆகலாம். சர்டிஃபிகேட் வந்ததும் கவுண்டர விட்டு நகராம தமிழ் எழுத்த ஒவ்வொண்ணா பாருங்க. முக்கியமா ர-வும் ற-வும், ன-வும் ண-வும். மாறன்னா பாண்டியன், மாரன்னா மன்மதன்.